வழியனுப்பப்பட்டவள்

அவளுடைய அம்மா வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் அடித்த ஆணிகளைக்கூட விட்டுவைக்க மாட்டாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓட்டையில் ஈரச் சோப்பை அப்பி, கட்டைவிரலால் தேய்த்து மட்டமாக்குவாள். கடைசியாகத் தரையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வாசலுக்கு வருவாள், தன் காலடித் தடம்கூட அங்கே தங்கக் கூடாது என்பதுபோல. "மிச்சம் வெச்சுட்டுப் போனா அது பின்னால நின்னு இழுக்கும். போற இடத்துல கால் ஊனாது" என்பது அவள் கட்சி. ஒருமுறை வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டி பாதி வழியில் படுத்துக்கொண்டது. பழைய வீட்டுக் கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருப்பது அம்மாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மகனை விரட்டி எடுத்துவரச் சொன்னாள். துண்டும் வந்தது, வண்டியும் கிளம்பியது. நடுவில் மெக்கானிக் வந்து பழுது பார்த்ததை எடுத்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இந்த அம்மாவுக்குப் பிறந்தவளைத்தான் ஆஸ்பத்திரிப் பட்டறையில் எல்லோரும் 'மாவு' என்று கூப்பிட்டார்கள். பட்டறை என்றால் இரும்படிக்கிற இடம் அல்ல, செயற்கைக் கால் செய்கிற இடம். சலவை அறையின் ஆவிக்கும் ஜெனரேட்டரின் புகைக்கும் நடுவே, ஆஸ்பத்திரியின் முதுகில் ஒட்டவைத்ததுபோல் ஒரு நீளக் கூடம். காலை இழந்தவர்கள் அங்கே வந்து உயரமான பெஞ்சில் உட்கார்வார்கள். மிச்சமிருக்கிற காலுக்கு அவள் மெல்லிய உறை மாட்டி, எலும்பு முட்டும் இடங்களை மைப்பென்சிலால் குறித்து, மாவுக்கட்டுத் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிச் சுற்றுவாள். அது இறுகும்வரை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்திருப்பாள். அந்த நேரத்தில் அவளும் பேச மாட்டாள், எதிரே இருப்பவரும் பேச மாட்டார். பிறகு அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றுவது, காய்ந்ததும் அரத்தால் ராவுவது. எடை தாங்கும் இடத்தில் கொஞ்சம் குறைக்க வேண்டும், தாங்காத இடத்தில் கொஞ்சம் கூட்ட வேண்டும். முழங்கைவரை எப்போதும் வெள்ளை.

'மாவு' என்று பெயர் வைத்தவர் ஷூ அண்ணன். செயற்கைக் கால்களுக்குச் செருப்பும் ஷூவும் தைப்பவர். அவர் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. "மாவு, உன்னை ஒரு உதறு உதறினா போதும், ஒரு வீட்டுக்கு வெள்ளை அடிச்சிடலாம்" என்பார். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அந்தக் கூடத்தில் அவளுக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்றுதான். கை கேட்டு வருகிறவர்கள். கால் செய்ய அங்கே ஆள் இருந்தது, கருவி இருந்தது. கை செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. எனவே தோல் நிறத்தில் ரப்பர் உறை ஒன்றை எடுத்து, உள்ளே நுரைப்பஞ்சு திணித்து, மணிக்கட்டோடு வார் போட்டுக் கொடுப்பார்கள். நகம்கூட வரைந்திருக்கும். ஒரு டம்ளரைப் பிடிக்காது. அச்சகத்தில் கையை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒரு மனிதர் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு என்ன பண்ணலாம்மா?" என்று கேட்டார்.

"பேன்ட் பையில விட்டுக்கிட்டு ஜம்முனு நடக்கலாம்" என்றார் ஷூ அண்ணன், சூழ்நிலையை லேசாக்குவதாக நினைத்து. அச்சகக்காரரும் சிரித்தார். அவள் எழுந்து குழாயடிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய கைகளைத் திரும்பக் கழுவினாள்.

ஆகவே வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் இளைஞர் பரிமாற்றத் திட்டம் பற்றி அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது, அதை முழுசாகப் படித்தது அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான். அயல் நாட்டில், பொருள்களைப் பிடிக்கிற கை செய்கிற பட்டறையில் ஆறு மாதப் பயிற்சி. கற்றுக்கொண்டு சொந்தப் பட்டறைக்குத் திரும்பி அங்கே அதைத் தொடங்க வேண்டும். இருபத்தெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. அவளுக்கு இருபத்தெட்டு நிறையச் சில மாதங்களே இருந்தன. அடுத்த அறிவிப்பு வருகிறபோது அவள் தகுதியில்லாதவள்.

கணினித் திரையில் நேர்முகம் நடந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் அவளுடைய அச்சுகளைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். தேர்வாகிவிட்டாள். ஷூ அண்ணன் பட்டறைக் கூடத்தைச் சுற்றி ஒரு கட்டைக் காலைத் தோளில் சுமந்து ஊர்வலம் போனார்.

பட்டறை மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். அவள் மேசைக்கு முன்னால் நின்றதுமே, "சம்பளம் இல்லாத லீவுக்கு எழுதிக் குடும்மா. ஆறு மாசம் உன் இடம் அப்படியே இருக்கும். வந்து உட்கார்ந்துக்கோ" என்றார்.

இதை அவள் வீட்டில் சொன்னதுதான் பிழை.

"லீவா?" என்றாள் அம்மா. "லீவுன்னா என்னடி அர்த்தம்? பாதி உடம்பு இங்க, பாதி உடம்பு அங்க. அங்க போய் ஒரு வேலையைக் கையில எடுக்கும்போது இங்க உன் பேர்ல ஒரு நாற்காலி காலியா கெடக்கும். அது உன்னை நிம்மதியா விடுமா?"

"நாற்காலி எப்படிம்மா விடாது? அது என்ன நாய்க்குட்டியா?" என்றான் அண்ணன்.

"நீ வாயை மூடு. துண்டு எடுக்க ஓடினவன்தானே நீ."

அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

அம்மாமேல் மட்டும் பழியைப் போட முடியாது. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அது பிடித்திருந்தது. எத்தனை வீடு மாறினாலும் பிறந்ததிலிருந்து ஒரே ஊரின் ஒரே சத்தங்கள். தன்னைச் சுற்றியிருந்த ஒவ்வொன்றையும் தன் கையாலேயே அவிழ்த்து வைக்கும்போது உடம்பில் ஒரு லேசான கிறுகிறுப்பு. மழை விட்டபிறகு ஈரத்துணியைக் கழற்றுவதுபோல ஒரு சுகம். அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் அதை வாங்கிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். "நல்லா யோசிச்சியா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

ஷூ அண்ணனுக்குச் செய்தி போனபோது அவர் கையிலிருந்த ஊசி நின்றது. "கயிறைக் கட்டிக்கிட்டுத்தான் தங்கச்சி கெணத்துல எறங்குவாங்க. நீ அறுத்துட்டு எறங்குறே."

"எறங்கலண்ணே. ஏறுறேன்."

"ஏறுறவனுக்கும் கயிறு வேணும்" என்று சொல்லிவிட்டு மெழுகு தடவிய நூலைப் பல்லால் கடித்தார்.

அடுத்து மாடி அறை. அண்ணன் வீட்டு மாடியில் அவளுக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. கட்டில், மேசை, தெருவிளக்கு விழுகிற ஜன்னல். அண்ணி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள், ஆனால் மனசில் வைத்துக்கொள்ளாதவள். அவளே கேட்டாள்: "நீ வர்ற வரைக்கும் ரூமைப் பூட்டியே வெக்கட்டுமா?"

"வேணாம் அண்ணி. யாருக்காவது விட்டுடுங்க."

"அப்புறம் வந்து எங்க படுப்பே?"

"வர்றப்போ பாத்துக்கலாம்."

"வர்றப்போ பாத்துக்கலாம்னு சொன்னவங்கதான் எங்க வீட்டுக் கூடத்துல வருஷக்கணக்கா படுத்திருக்காங்க" என்று அண்ணி தன் தம்பியை மனதில் வைத்துச் சொல்லிவிட்டு, நர்சிங் படிக்கிற இரண்டு பெண்களுக்கு அறையை விட்டாள். சைக்கிள் பக்கத்து வீட்டுக்குப் போனது. வங்கியில் இருந்த கொஞ்சத்தை அண்ணன் கணக்குக்கு மாற்றினாள். நூலகச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா கூடவே நின்று, திருஷ்டி கழிப்பவள்போல ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி முடித்துவைத்தாள்.

கடைசி முடிச்சு மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். மாதாமாதம் வீட்டுக்கு வந்து வாசல் மீட்டரைப் பார்க்கிற சாக்கில் வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு வீட்டிலும் பேச்சு தொடங்கி, 'அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்' என்கிற அளவுக்கு வந்திருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவரைச் சந்தித்தாள்.

"ஆறு மாசம்தானே" என்றார் அவர். "நான் எங்க போயிடப் போறேன்? வீடு வீடா எண்ணிக்கிட்டு இங்கதானே சுத்திக்கிட்டு இருப்பேன்."

"வேணாங்க. உங்களைக் காத்திருக்கச் சொல்லிட்டுப் போனா எனக்கு அங்க வேலை ஓடாது."

"நான் காத்திருக்கிறதுல உங்களுக்கு என்னங்க பாரம்?"

"அதுதாங்க பாரம்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், ஆறிப்போன பிறகும். பிறகு, "சரி, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லி எழுந்தார். அவர் போகும்போது பின்னாலிருந்து பார்த்தாள். பையில் தொங்கிய டார்ச் லைட் முதுகில் தட்டித் தட்டிப் போனது. கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அம்மாவின் குரலில் அதை அடக்கிக்கொண்டாள்.

பட்டறையில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் சேர்ந்து சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். பழைய நோயாளிகள் சிலர் அவள் அச்செடுத்த கால்களிலேயே நடந்து வந்து நின்றார்கள். அச்சகக்காரரும் வந்திருந்தார், காலிச் சட்டைக் கையை மடித்துக் குத்தியபடி. "முதல் கை எனக்குத்தான், சொல்லிப்புட்டேன்" என்றார். "உங்களுக்குத்தான்" என்றாள். மேற்பார்வையாளர் பேச எழுந்து, இரண்டு வாக்கியத்தோடு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் அழுதார்கள். விசா இன்னும் கையில் வரவில்லை என்பது அன்று யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. அழைப்பதே அந்த நாட்டு அமைப்புதானே, விசா எப்படிக் கொடுக்காமல் போவார்கள்?

தூதரகத்தின் அந்த அறையில் சாய்ந்து உட்கார முடியாத நாற்காலிகள். எண் கூப்பிட்டதும் எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றாள். அந்தப் பக்கம் அதிகாரி, இளைஞர், சளி பிடித்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கிற பெண்மணி. கண்ணாடியில் வட்டமாகத் துளைகள் போட்டிருந்தார்கள், பேச்சு மட்டும் போய்வர.

"பயிற்சிக் கடிதம் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றார்" என்றார் பெண்மணி. "இப்ப எங்கே வேலை பார்க்கறீங்கன்னு கேக்கறார்."

"ஆஸ்பத்திரிப் பட்டறையில பார்த்தேங்க. இப்ப விட்டுட்டேன்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"ஏன் விட்டீங்க? லீவு தரலையா?"

"தர்றேன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

பெண்மணி இதைச் சொல்வதற்கு முன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார். அதிகாரியின் பேனா நகர்ந்தது.

"கல்யாணம்? நிச்சயம் ஏதாவது ஆகியிருக்கா?"

"இல்லைங்க. பேச்சு இருந்துச்சு. வேணாம்னு சொல்லிட்டேன்."

"வீடு உங்க பேர்ல இருக்கா?"

"அண்ணன் வீடு. என் ரூமை வாடகைக்கு விட்டாச்சு."

"வங்கியில?"

"அண்ணன் கணக்குக்கு மாத்திட்டேன்."

ஒவ்வொரு பதிலையும் அவள் பெருமையோடுதான் சொன்னாள். எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டு வந்திருக்கிறேன், பாருங்கள், எனக்காக இங்கே எதுவும் அந்தரத்தில் தொங்கவில்லை என்று. பாதி வழியில்தான் பெண்மணியின் முகம் மாறுவதைக் கவனித்தாள். தண்ணீரில் இறங்குகிற குழந்தையைக் கரையிலிருந்து பார்க்கிற முகம்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நேராக அவளைப் பார்த்துக் கேட்டார். பெண்மணி மெதுவாகச் சொன்னார்: "அப்படின்னா நீங்க எதுக்குத் திரும்பி வருவீங்கன்னு கேக்கறார்."

"கை இல்லாதவங்களுக்குக் கை செஞ்சு கொடுக்கணுங்க. எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் போறேன். அதுக்குத்தான் வருவேன்."

"எங்கே செய்வீங்க?"

"பட்டறையில…"

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் அவள் இல்லை. ஊரில் எங்கேயும் இல்லை. தன் கையாலேயே ஒவ்வொரு இடத்திலிருந்தும் தன்னை ராவி எடுத்து, மட்டமாக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

"அவங்க என்னைத் திரும்பச் சேர்த்துப்பாங்க. நான் கேட்டா சேர்த்துப்பாங்க. சொல்லுங்கம்மா அவர்கிட்ட. எங்க வீட்டுல ஒரு பழக்கம், எதையும் பாதியில விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு எங்க அம்மா…"

பெண்மணி மொழிபெயர்த்தார். நீளமாகவே மொழிபெயர்த்தார். தன்பங்குக்கு ஏதோ சேர்த்தும் சொன்னார்போல இருந்தது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. தும்மிவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்துக் கையெழுத்திட்டுக் கண்ணாடிக்கு அடியிலிருந்த இடுக்கு வழியே தள்ளினார். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை, எனவே மறுக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

அமைப்புக்காரர்களிடம் அன்றே சொன்னாள். வருத்தப்பட்டார்கள். மெய்யாகவே வருத்தப்பட்டார்கள். அவளுடைய இடம் காத்திருப்பில் இருந்த வேறொரு நாட்டு இளைஞனுக்குப் போனது.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். பட்டறைக் கூடத்தில் அவளுடைய பெஞ்சில் வேறொரு பெண் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தக்காரர் அனுப்பிய பெண், நெற்றியில் ஒரு துளி மாவு ஒட்டியிருந்தது. மேற்பார்வையாளர் இவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றபடி பேசினார்.

"நீ எழுதிக் கொடுத்ததை மேல அனுப்பினேன் பாரு, அவங்க ஆளை மட்டும் நீக்கலம்மா. போஸ்ட்டையே தூக்கிட்டாங்க. இதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்தாங்கபோல. இனி எல்லாம் காண்ட்ராக்ட்தான். அந்த இடமும் நிரம்பிடுச்சு."

"லீவு போட்டிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்தபோது ஷூ அண்ணன் கதவருகே நின்றார். ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும் என்று அவர் வாய் அசைந்தது. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு தெரு. போகிறவளை வழியனுப்பத் தெரிந்த ஊருக்கு, போகாதவளை என்ன செய்வதென்று தெரியாது. மளிகைக்கடைக்காரர், "எப்ப வந்தே? ஆளே வெளுத்துட்டியே, அந்த ஊர்க் குளிரா?" என்றார். போகவே இல்லை என்று சொன்னால், "அடடா, எப்பப் போறே?" என்றார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லி அலுத்து, ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிய குறுக்குச் சந்தில் நடக்க ஆரம்பித்தாள். அங்கேயும் அச்சகக்காரரை ஒருநாள் தூரத்தில் கண்டு, தெரியாத வீட்டு வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

மாடி அறைப் பெண்கள் படிப்பு முடியும்வரை இருப்பார்கள். அவர்களைக் காலி செய்யச் சொல்ல அண்ணி தயாராகத்தான் இருந்தாள். அவள்தான் வேண்டாமென்றாள். கூடத்தில் பாயை விரித்துக்கொண்டாள். அண்ணியின் தம்பி ஒரு சுவரோரம், அவள் இன்னொரு சுவரோரம்.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை வேண்டிய அளவைவிட அதிகமாகச் சத்தப்படுத்தினாள். அழுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம்.

அம்மாவோ வேறொரு தேடலில் இறங்கியிருந்தாள். ஏதோ மிச்சம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காரியம் எப்படிக் கெடும்? அலமாரியைக் கவிழ்த்தாள், மாடிப் பெண்களின் கட்டிலை நகர்த்தினாள், பரணில் ஏறினாள். ஒரு மத்தியானம் கூடத்துக்கு ஓடிவந்தாள், மூச்சு வாங்க, முகத்தில் கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு. கையில் ஒரு சின்னச் சாவி.

"பாத்தியா! உன் சைக்கிளோட ரெண்டாவது சாவி. வண்டியைக் குடுத்தே, இதைக் குடுக்கல. இதுதான்டி இழுத்துச்சு!"

அவள் சாவியைப் பார்த்தாள். அம்மாவின் தலைமுடியில் ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள். "மிச்சம் இருந்ததால இல்லம்மா. ஒண்ணுமே மிச்சம் வெக்கலன்னுதான் விடல. அங்க அந்த ஆள் கேட்டது அதைத்தான். என்ன மிச்சம் வெச்சிருக்கேன்னு கேட்டார். ஒரே ஒரு நாற்காலி இருந்திருந்தாக்கூடப் போதும்மா."

அந்த வாக்கியம் அம்மாவுக்குள் போக வழி தேடியது. போகவில்லை. "என்னவோ போ, நீயும் உன் நாற்காலியும்" என்று முணுமுணுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவரப் புறப்பட்டாள்.

மாதம் பிறந்ததும் மீட்டர்காரர் வந்தார். அண்ணி அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அவர் டார்ச் அடித்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவள் உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"எப்ப வந்தீங்க?"

"போகலைங்க."

அவர் டார்ச்சை அணைத்தார். அவருக்கு வேறிடத்தில் நிச்சயமாகியிருந்தது. தெருவுக்கே தெரியும். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். யாரிடம் எந்த உரிமையில் சொல்வது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். அவர் தண்ணீரைக் குடிக்காமலே அடுத்த வீட்டுக்குப் போனார்.

இருபத்தெட்டாவது பிறந்தநாள் ஒரு சாதாரண வேலைநாளில் கடந்தது. அப்போது அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மருந்துக்கடைக்கு மேல், இரண்டாவது மாடியில், வெளிநாட்டுப் படிப்புக்கும் பயிற்சிக்கும் இளைஞர்களைத் தயார் செய்து அனுப்புகிற நிலையம். நடத்துகிறவர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர், அதனால் பிள்ளைகள் அவருக்கு 'கோட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். தன்னை ஏன் எடுத்துக்கொள்கிறார் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவர் ஒளிக்காமல் சொன்னார்: "விசா கெடச்சவன் சந்தோஷத்துல கேள்வியை மறந்துடுவான். கெடைக்காதவங்களுக்குத்தான் ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கும்."

ஒரு மேசைக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு ஒன்றை நிறுத்தி, வட்டமாகத் துளையும் போட்டுவைத்திருந்தார். அவள் அந்தப் பக்கம் உட்கார வேண்டும். பிள்ளைகள் இந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். அவள் கேட்பாள், அவர்கள் சொல்வார்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்துவாள். தாத்தா சொத்தில் பங்கு இருக்கிறது, அப்பாவின் கடையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், நிச்சயமாகிவிட்டது. இருக்கிறதைப் பெரிதாக்கினாள், இல்லாததை இருப்பதாக்கினாள். கெட்டிக்காரி என்று பெயர் வந்துவிட்டது. அவளிடம் வந்தவர்கள் போனார்கள். போய், பனியில் நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். கோட்டு அதையெல்லாம் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார். ஆறு மாதம், ஒரு வருடம் என்று போனவர்களில் திரும்பி வந்து அந்தப் படியேறி 'அக்கா' என்றவர்கள் அபூர்வம்.

ஒரு சாயங்காலம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்ற பெண்ணைப் பார்த்து அவளுக்கு ஒரு கணம் யாரென்று பிடிபடவில்லை. முகம் கழுவியிருந்ததால். ஒப்பந்தக்காரர் பட்டறைக்கு அனுப்பிய அதே பெண். அந்த ஆண்டுப் பரிமாற்றத் திட்டத்தில் அந்தப் பெண் தேர்வாகியிருந்தாள். அதே அமைப்பு, அதே பட்டறை, பிடிக்கிற கை.

"மேற்பார்வையாளர் லீவு லெட்டர் அவரே டைப் பண்ணிக் குடுத்துட்டார்க்கா. கேக்குறதுக்கு முன்னாடியே. நிச்சயதார்த்தப் படம் இருக்கு. அப்பா வீட்டைப் பாதி என் பேர்ல எழுதிட்டார். எல்லாம் கையில இருக்கு. பேசத்தான் பயமா இருக்கு."

"பயப்படாதே. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

அந்தப் பெண் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, துளைக்கு அருகே வாயைக் கொண்டுவந்தாள். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்னக்கா. நான் திரும்பி வர்றதா இல்ல. கட்டிக்கப் போறவரும் பின்னாலயே வந்துடுவார். இங்க வந்து இந்தக் காண்ட்ராக்ட் சம்பளத்துக்கு யார்க்கா மாவு பெசையறது?"

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள். இந்தப் பெண்ணைத் தடுக்க ஒரு வார்த்தை போதும் என்று அவளுக்குத் தெரியும். நேர்முகத்தில் தப்பாக ஒரு பதிலைச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது. தடுத்தால் மட்டும் யாருக்குக் கை கிடைத்துவிடும்? இந்தப் பெண்ணும் அதே பெஞ்சில் அதே ரப்பர் உறைக்குள் நுரையைத் திணித்துக்கொண்டிருப்பாள்.

"சரி, நேரா நில்லு" என்றாள். "ஆரம்பிக்கலாம். நீங்க எதுக்குத் திரும்பி வருவீங்க?"

பெண் கண்ணை மூடித் திறந்தாள். தானாகவே தயாரித்து வந்திருந்தாள்போலும், கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "எங்க ஊர்ல கை இல்லாதவங்களுக்குக் கை செஞ்சு கொடுக்க யாரும் இல்லைங்க. அதைக் கத்துக்கத்தான் போறேன். அவங்களுக்குச் செஞ்சு கொடுக்கறதுக்காகவே திரும்பி வருவேன்."

"அது வேணாம்" என்றாள் அவள்.

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ப மாட்டாங்க. லீவு லெட்டர் இருக்குன்னு சொல்லு. அப்புறம் வீடு. கடைசியா நிச்சயதார்த்தம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதே."

பெண் முதலிலிருந்து சொன்னாள். லெட்டர், வீடு, நிச்சயதார்த்தம். எங்கேயும் பிசகவில்லை.